கிணற்றுக் குதி வேறு, பஞ்சி ஜம்ப் வேறு: வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பழைய வட ஆற்காட்டுப் பக்கம் உயரத்திலிருந்து குதிக்கப் பழகுகிற இடம் கிணறுதான். பாலாறு வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும், அதனால் நீச்சல் என்றால் யாராவது ஒருத்தர் நிலத்துக் கிணறு, பம்ப்செட் ரூம் மேலே ஏறி நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கால் முதலில் தண்ணீரைத் தொடுகிற மாதிரி ஒரு குதி. பத்து வயதில் உடம்பில் ஏறின இந்தப் பழக்கம் முப்பது வயதிலும் போகாது. பஞ்சி ஜம்ப், அதாவது இழுபடும் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது, அந்த மேடையில் கணுக்காலில் கயிறு கட்டி நிற்கும்போது நம் ஆட்கள் செய்கிற முதல் தப்பும் இதனால்தான் வருகிறது: உடம்பு தானாகவே காலைக் கீழே விட்டுக் குதித்துவிடுகிறது.

நான் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். தையல் எங்கே விடும், பக்கிள் எங்கே வளையும், எந்த மடிப்பில் நூல் முதலில் தேயும் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகியவன். ரிஷிகேஷில் ஒருமுறை குதித்திருக்கிறேன். இன்னொரு ஊரில் தற்காலிகமாக நிறுத்தியிருந்த கிரேனில் பணம் கட்டிய பிறகும் குதிக்காமல் இறங்கி வந்திருக்கிறேன், அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பசங்க அடிக்கடி போன் பண்ணி "அண்ணே, எங்கே குதிக்கலாம், எப்படிக் குதிக்கலாம்" என்று கேட்பதால், தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பொறுமையாக முழுசாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் குதிப்பது சில நொடி வேலை, அதற்கு முன்னால் கேள்வி கேட்பதுதான் பெரிய வேலை.

கயிறு என்ன செய்கிறது

பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. அதில் பெந்தகோஸ்ட் தீவு ஆண்கள் மரக்கோபுரம் கட்டி, கணுக்காலில் காட்டுக்கொடியைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிப்பார்கள். வள்ளிக்கிழங்கு அறுவடையோடு சேர்ந்த சடங்கு அது. கொடி இழுபடும் பதத்தில் இருக்கிற மாதங்களில்தான் குதிப்பார்கள். 1974இல் பிரிட்டிஷ் அரசி எலிசபெத் வருகிறார் என்பதற்காகப் பருவம் தப்பிக் குதித்துக் காட்டினார்கள், கொடி அறுந்து ஒருவர் இறந்துபோனார். அந்தச் சடங்கைப் பார்த்து 1979 ஏப்ரல் 1 அன்று ஆக்ஸ்ஃபோர்ட் ஆட்கள் சிலர் பிரிஸ்டல் நகரத்து கிளிஃப்டன் தொங்கு பாலத்திலிருந்து ரப்பர் கயிற்றோடு குதித்தார்கள். நியூசிலாந்தின் ஏ.ஜே. ஹேக்கெட் 1987இல் ஈஃபிள் கோபுரத்திலிருந்து குதித்துவிட்டு, அடுத்த வருஷமே குயின்ஸ்டவுன் பக்கத்தில் கவாராவ் பாலத்தில், 43 மீட்டர் உயரத்தில், கட்டணம் வாங்கிக் குதிக்க வைக்கிற இடத்தைத் திறந்தார். கொடி ரப்பராக மாறியது. ஆனால் பருவம் பார்க்க வேண்டும், பதம் பார்க்க வேண்டும் என்கிற விஷயம் அப்படியே இருக்கிறது. வெயிலும் வெப்பமும் ரப்பரைத் தின்னும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடி ரப்பர் குழாய் இரண்டு கோடையில் வெடித்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

பஞ்சி கயிறு நூற்றுக்கணக்கான மெல்லிய லேடெக்ஸ் (ரப்பர்) இழைகளைச் சேர்த்துக் கட்டியது. மலையேறுகிறவர்களின் கயிறு மாதிரி இல்லை, நன்றாக இழுபடும். ஒரு கணக்குப் பாருங்கள். கயிற்றின் இழுபடாத நீளம் 20 மீட்டர் என்றால், முதல் 20 மீட்டருக்கு உங்களை எதுவும் பிடிக்காது. இரண்டு நொடியில் அந்தத் தூரம் தீர்ந்துவிடும், அப்போது உங்கள் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும், அதாவது பெங்களூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் வேகம். அதன் பிறகுதான் கயிறு இழுபட ஆரம்பிக்கும்.

இப்போது அந்தக் கயிறு 60 கிலோ ஆளுக்கு 30 மீட்டர் இழுபடுகிற மாதிரி தேர்ந்தெடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து மொத்தம் 50 மீட்டர் கீழே போய் நிற்பார். அதே கயிற்றில் 75 கிலோ ஆள் குதித்தால் 55 மீட்டருக்கும் கொஞ்சம் கீழே போய்விடுவார். 15 கிலோ வித்தியாசத்துக்கு ஐந்து மீட்டர், ஒன்றரை மாடி உயரம். 45 கிலோ ஆள் அதே கயிற்றில் குதித்தால் அவ்வளவு கீழே போக மாட்டார், ஆனால் தன் எடைக்குக் கணக்கிட்டால் அவருக்கு விழுகிற இழுப்பு 60 கிலோ ஆளுக்கு விழுவதைவிட அதிகம், கழுத்தையும் முதுகையும் அது பிடிக்கும். உண்மையான ரப்பர் இந்தப் பள்ளிக்கூடக் கணக்குப்படி அப்படியே நடக்காது, நடத்துகிறவர்கள் சோதித்துப் பார்த்த அட்டவணை வைத்திருப்பார்கள். ஆனால் எடை தவறினால் கீழேயும் ஆபத்து, மேலேயும் ஆபத்து என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடும். எடை வாரியாகக் கயிறுகளைப் பிரித்து நிறம் கொடுத்து வைத்திருப்பது இதற்குத்தான்.

இங்கேதான் நான் இறங்கி வந்த கிரேன் கதை வருகிறது. டிக்கெட் கொடுத்த பையன் "சார், வெயிட் எவ்ளோ?" என்று கேட்டான். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான். தராசே இல்லை. மேலே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு கயிறு, எனக்கு முன்னால் குதித்த ஒல்லிப் பெண்ணுக்குப் போட்டதே எனக்கும். கணுக்கால் பட்டையின் ஓரத் தையலில் மூன்று இடத்தில் நூல் எழும்பி நின்றது. எங்கள் லைனில் ஒரு செருப்புக்கே அதைத் திருப்பி அனுப்பியிருப்போம். "நான் குதிக்கலை, இறக்கிடுங்க" என்றேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், பணத்தைத் திருப்பித் தரவில்லை, கூட வந்த மச்சான் பெங்களூரிலிருந்து காட்பாடி வரும்வரை பேசவே இல்லை. அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

எங்கே குதிக்கலாம்

ஏலகிரியில் மலை இருக்கிறது, ஜவ்வாது இருக்கிறது, சோளிங்கர் மலைக்கு 2024இல் ரோப் கார் கூட வந்துவிட்டது. ஆனால் பஞ்சி ஜம்ப்புக்கு மலை மட்டும் போதாது, கீழே தடையில்லாத ஆழம், மேலே அசையாத மேடை, பயிற்சி பெற்ற நிரந்தர ஆட்கள் மூன்றும் வேண்டும். இந்தியாவில் பெயர் பெற்ற நிலையான மேடை ரிஷிகேஷ் பக்கத்தில் மோகன்சட்டி, 83 மீட்டர், கீழே ஹியூல் ஆறு. காட்பாடியிலிருந்து டெல்லிக்கு ரயில், அங்கிருந்து ஹரித்வார் வழியாகப் போகலாம். கோவாவில் மாயெம் ஏரி மேலே 55 மீட்டர் மேடை இருக்கிறது, நமக்கு அது கொஞ்சம் கிட்ட. முதல் முறை குதிக்கிறவர்கள் காசைச் சேர்த்து வைத்து இந்த மாதிரி நிலையான இடத்துக்குப் போங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. கிரேன் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை, ஒழுங்காக நடத்துகிற கிரேன் ஆட்களும் உண்டு. ஆனால் இன்றைக்கு வந்து நாளைக்குக் கிளம்பிவிடுகிற அமைப்பில் பதிவேடு பார்ப்பது கஷ்டம், காற்றில் கிரேன் கூடை ஆடும், இறக்குகிற இடத்தில் கூட்டம் நெருக்கும்.

பொருட்காட்சியில் குழந்தைகளை இரண்டு பக்கமும் ரப்பரில் மாட்டி டிராம்போலினில் எகிற வைக்கிறார்களே, அதையும் பஞ்சி என்றுதான் சொல்கிறார்கள். அதில் விழுகிற உயரம் குறைவுதான், இருந்தாலும் இடுப்புப் பட்டை குழந்தையின் அளவுக்கு இறுகியிருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ரப்பர் மாட்டியிருக்கிறார்களா என்று பெற்றவர்களே போய்ப் பாருங்கள். ஒரு பட்டையில் இரண்டு குழந்தைகளை மாட்டினால் உடனே இறக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. "ரோப் ஜம்ப்" என்று வீடியோக்களில் வருகிறது, அதில் ரப்பர் கயிறு கிடையாது, மலையேறும் கயிற்றில் ஊஞ்சல் மாதிரி வீசி ஆடுவது. கயிறு கட்டுகிற கணக்கே வேறு. பாலத்தில் நண்பர்கள் சேர்ந்து இதைச் செய்து பார்க்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகவே போகாதீர்கள்.

குதிக்கும் முறைகள்

முதலில் எங்கே கட்டுகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள், முறைகள் எல்லாம் அதிலிருந்துதான் பிரிகின்றன. கணுக்காலில் கட்டுவது ஒன்று, இடுப்பும் மார்பும் சேர்ந்த பட்டையில் கட்டுவது இன்னொன்று. கணுக்கால் கட்டில் தலைகீழாகத்தான் தொங்குவீர்கள், இழுப்பு கால் வழியாக உடம்பு முழுக்க நேர்க்கோட்டில் பரவும். உடம்புப் பட்டையில் ஏறக்குறைய உட்கார்ந்த நிலை, தலைக்கு ரத்தம் ஏறுவது குறைவு, ஆனால் சரியான நிலையில் விழாவிட்டால் இடுப்பையும் கழுத்தையும் வெடுக்கென்று இழுக்கும். கணுக்காலில் கட்டும்போதும் இடுப்பில் ஒரு பட்டை போட்டு, இரண்டையும் ஒரு பாதுகாப்பு நாடாவால் இணைத்திருக்க வேண்டும். கால் கட்டு நழுவினால் அந்த நாடாதான் பிடிக்கும். நாடா இல்லாத இடத்தில் குதிக்காதீர்கள்.

முதல் முறை குதிக்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று, அன்னப்பறவை டைவ். மேடை முனையில் பாதி விரல்கள் வெளியே இருக்கிற மாதிரி நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, எதிரே தூரத்தில் தெரிகிற மலையைப் பார்த்தபடி மெல்ல முன்னால் சாய வேண்டும், கடைசி நொடியில் ஒரு சின்ன உந்து. கீழே பார்க்கக் கூடாது, பார்த்தால் உடம்பு மடங்கும். சாய்ந்தபடி போகும்போது தலை தானாகவே கீழே திரும்பிவிடும், கயிறு முதுகுப் பக்கமாகத் தெளிவாக இறங்கும், எங்கேயும் சிக்காது. பார்க்க அழகாக இருக்கிறது என்பதைவிட இதுதான் இதன் பெருமை.

கிணற்றுக் குதிக்கு, அதாவது கால் கீழே, உடம்பு நேராக விழுவதற்கு, வெளிநாட்டில் லிஃப்ட் குதி, பென்சில் குதி என்று பெயர். கணுக்கால் கட்டில் இப்படிக் குதித்தால் என்ன ஆகும்? கயிறு முழு நீளத்துக்கு வந்ததும் கால் மேலே சுண்டி இழுக்கப்பட்டு, உடம்பு ஒரே வீச்சில் தலைகீழாகப் புரளும். கழுத்து, முழங்கால், இடுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அடி. விழும்போது தொய்ந்த கயிறு கைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கையிலோ கழுத்திலோ சுற்றவும் வாய்ப்பு உண்டு. கிணற்றில் நன்றாகக் குதிக்கிற பசங்க இதைத் திரும்பத் திரும்பப் படியுங்கள். நான் குதிப்பதற்கு முதல் நாள் விடுதிக் கட்டில் முன்னால் நின்று மெத்தைமேல் முன்னால் சாய்ந்து சாய்ந்து விழுந்து பழகினேன், ஒரு முப்பது தடவை இருக்கும். பழைய பழக்கத்தை உடம்பு மறக்க அது உதவியது.

பின்பக்கமாக விழுவது சிலருக்குப் பயம் குறைக்கும், ஏனென்றால் பள்ளம் கண்ணில் படாது. குதிகால் மட்டும் வெளியே, முகம் மேடையைப் பார்த்து நின்று, நாற்காலியில் சாய்கிற மாதிரி விழுவது. எட்டி உதைத்தால் அதிகமாகச் சுழல்வீர்கள், அதனால் விழ மட்டும் வேண்டும். வவ்வால் குதி என்பது மேடையின் ஓரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டு அப்படியே விடுவது. சாய்கிற கட்டமே இல்லாததால் இது மென்மையானதுதான், ஆனால் தொங்க வைக்கிற ஆட்கள் பழக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும். ஓடி வந்து குதிப்பது, முன் கரணம், பின் கரணம் எல்லாம் பல தடவை குதித்து, உடம்புப் பட்டையில், அந்த இடத்து ஆட்களின் அனுமதியோடு செய்ய வேண்டியவை. முதல் தடவையே வீடியோவுக்காகக் கரணம் அடிக்கிறேன் என்று நிற்காதீர்கள்.

இரண்டு பேர் சேர்ந்து குதிப்பது கல்யாணமான புதுசில் பலருக்கு ஆசை. இருவரின் எடையையும் கூட்டித்தான் கயிறு தேர்ந்தெடுப்பார்கள். எடை வித்தியாசம் அதிகம் இருந்தால் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது. இழுப்பில் இரண்டு தலைகள் மோதிக்கொள்வதுதான் இதில் உள்ள ஆபத்து, அதனால் எப்படிப் பிடித்துக்கொள்வது, எப்போது விடுவது என்று அவர்கள் சொல்வதை இரண்டு பேருமே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். தண்ணீரைத் தொட்டு எழும்புகிற குதி கவாராவில் பிரபலம். கயிற்றை மிகத் துல்லியமாக அளக்கத் தெரிந்த இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது அது.

கனமான மூட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்து, கீழே போனதும் அதைக் கையிலிருந்து விட்டுவிடுவது என்று ஒன்று உண்டு. அதிக எடையில் கயிறு நிறைய இழுபடும், மூட்டையை விட்டதும் அந்த இழுப்பு முழுக்க லேசான உடம்பைத் தூக்கி எறியும், மேடையிலேயே போய் மோதுகிற அளவுக்கு. யார் செய்து காட்டினாலும் பார்க்கக்கூட நிற்காதீர்கள்.

உடம்பு ஒத்துக்கொள்ளுமா

ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வலிப்பு, கழுத்து முதுகுத் தேய்மானம், சமீபத்தில் எலும்பு முறிவு அல்லது அறுவை சிகிச்சை, கர்ப்பம், இதில் எது இருந்தாலும் குதிக்கக் கூடாது. இவையெல்லாம் எல்லா இடத்திலும் படிவத்தில் கேட்பார்கள். அதிகம் பேர் மறைப்பது கண். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், விழித்திரையில் ரத்தக்கசிவு வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கண்ணாடியின் பவர் மிக அதிகமாக இருப்பவர்கள், கண் நீர் அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், லேசர் சிகிச்சை செய்தவர்கள் முதலில் கண் டாக்டரைப் பாருங்கள். நமக்கு ஊரிலேயே ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. போய் "பஞ்சி ஜம்ப் பண்ணப் போறேன், விழித்திரை நல்லாருக்கா பாருங்க" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதுகுத்தண்டு பற்றி வேலூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையம் 1966இல் தொடங்கியது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அந்த வளாகத்தில் பழகும் இளைஞர்கள் பலர் மரத்திலிருந்தோ, கிணற்றிலோ, பைக்கிலிருந்தோ விழுந்தவர்கள். என் சித்தப்பா மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்து அங்கே நான்கு மாதம் இருந்தான், வாரா வாரம் போய்ப் பார்த்திருக்கிறேன். கழுத்து வலி லேசாக இருந்தாலும் குதிக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

போன் பண்ணும்போது

பணம் கட்டுவதற்கு முன்னால் போனில் கேளுங்கள். ஒரு கயிற்றை எத்தனை குதிக்குப் பிறகு ஒதுக்குகிறீர்கள், ஒவ்வொரு குதியையும் பதிவேட்டில் எழுதுகிறீர்களா? எடையை எத்தனை முறை பார்ப்பீர்கள்? கணுக்காலோடு இடுப்புப் பட்டையும் உண்டா? எவ்வளவு காற்று அடித்தால் நிறுத்துவீர்கள்? அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு தூரத்தில்? நல்ல இடத்தில் இந்தக் கேள்விகளுக்கு யோசிக்காமல் பதில் வரும், சந்தோஷமாகவே சொல்வார்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், வாங்க" என்று பதில் வந்தால் அத்தோடு போனை வைத்துவிடுங்கள். சாகச சுற்றுலாவுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கின்றன, அவற்றைப் பின்பற்றுகிறீர்களா என்றும் கேட்கலாம். எடை வரம்பு பொதுவாக 40 கிலோவிலிருந்து 110 கிலோ வரை இருக்கும், வயது வரம்பும் உண்டு. அப்புறம் உங்கள் விபத்துக் காப்பீட்டை எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டுக்குப் பணம் கிடையாது என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

அன்றைய நாள், படிப்படியாக

காலையில் இரண்டு மூன்று இட்லி போதும், குதிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். முந்தின ராத்திரி குடித்திருந்தால் அன்று குதிக்காதீர்கள்.

பேன்ட், பனியன் அல்லது டி-ஷர்ட் உள்ளே செருகியது, லேஸ் கட்டுகிற ஷூ. துப்பட்டா, வளையல், கழுத்துச் சங்கிலி, மூக்குக்கண்ணாடி, பாக்கெட்டில் சாவி எதுவும் வேண்டாம். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அங்குள்ள பெண் ஊழியரிடம் சொன்னால் உடைக்குள் வைத்து ஒட்டு நாடா போட்டுத் தருவார்களா என்று கேட்கலாம், வெளியே தொங்கவிட்டுக் குதிக்கவே கூடாது. ஆண்கள் ஒரு விஷயத்தை மறப்பார்கள், வெள்ளி அரைஞாண். இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டினால் இழுப்பில் அது சதைக்குள் பதியும். கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

எடை பார்க்கும்போது ஷூ, உடை எல்லாவற்றோடும் நில்லுங்கள். தராசு காட்டுகிற எண்ணை நீங்களே படியுங்கள். ஒழுங்கான இடத்தில் அதைப் பேனாவால் உங்கள் கையிலேயே எழுதிவிடுவார்கள், மேடையில் இன்னொரு ஆள் அதை உரக்கப் படித்துத்தான் கயிறைத் தேர்ந்தெடுப்பார். எழுதவில்லை என்றால் "எழுதுங்க" என்று நீங்களே கையை நீட்டுங்கள். பெண்கள் எடையை நாலு பேர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே அந்தக் கூச்சம் ஆகாது அம்மா, கயிறுக்கு உண்மை எடைதான் தெரிய வேண்டும்.

பட்டை மாட்டும்போது கணுக்காலைச் சுற்றித் துணியோ மெத்தையோ வைத்து, அதன்மேல் அகலமான நாடாவால் இறுக்குவார்கள். எலும்புக்கு நேராக இல்லாமல் அதற்குச் சற்று மேலே உட்கார வேண்டும். ஒரு விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், கஷ்டப்பட்டு நுழைந்தால் சரி, தாராளமாக நுழைந்தால் இன்னும் இறுக்கச் சொல்லுங்கள். தையலைப் பாருங்கள். சுமை தாங்குகிற இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கும், நூல் எழும்பியிருக்கக் கூடாது, நாடாவின் ஓரம் பஞ்சு மாதிரி பிரிந்திருக்கக் கூடாது, வெயிலில் வெளுத்துப்போயிருக்கக் கூடாது. தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நம் ஊர் ஆட்கள் இதை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கொக்கிகளில் திருகுப் பூட்டு முழுசாகத் திருகியிருக்க வேண்டும். ஒருவர் மாட்டியதை இன்னொருவர் தொட்டுத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், வெறும் பார்வையில் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது. அவர்களோடு சேர்ந்து நீங்களும் தொட்டுப் பாருங்கள்: கணுக்கால், இடுப்பு, இரண்டையும் இணைக்கிற நாடா, கயிறு, கயிற்றின் மறுமுனை.

மறுமுனை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2015இல் ஸ்பெயினில் ஒரு பாலத்தில் பதினேழு வயது நெதர்லாந்துப் பெண் குதித்து இறந்தாள். கயிறு அவள் உடம்பில் மாட்டியிருந்தது, பாலத்தோடு இன்னும் மாட்டவில்லை. பயிற்சியாளர் அரைகுறை ஆங்கிலத்தில் "குதிக்காதே" என்று சொன்னது, "இப்போது குதி" என்று அவள் காதில் விழுந்திருக்கலாம் என்று வழக்கில் பேசப்பட்டது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்றொடரும், "நோ ஜம்ப்", "நவ் ஜம்ப்", காதுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்கும். வேலூரிலிருந்து ரிஷிகேஷ் போகிற ஆளுக்கு இந்தி தெரியாது, அங்குள்ளவருக்குத் தமிழ் தெரியாது, நடுவில் இரண்டு பேருக்கும் பாதி தெரிந்த ஆங்கிலம், மேலே காற்றுச் சத்தம். அதனால் மேடைக்குப் போனதும் முதல் வேலையாக, எந்தச் சொல் கேட்டால் குதிக்க வேண்டும் என்று பேசி முடிவு பண்ணுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் தோளில் ஒரு தட்டு என்றால் அதையும் சேர்த்து. அந்தச் சொல்லும் தட்டும் இரண்டும் வராமல் கால் நகரக் கூடாது. அதுவரை அவர் உங்கள் பட்டையைக் கையால் பிடித்திருக்க வேண்டும், அல்லது மேடையோடு உங்களை ஒரு நாடாவில் கட்டியிருக்க வேண்டும்.

குதிக்க வேண்டாம் என்று தோன்றினால் அதற்கும் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். "நோ" என்பதை "நவ்" என்று யாரும் கேட்டுவிடாதபடி, தலையை ஆட்டி, இரண்டு கையையும் மார்பில் குறுக்கே வைத்துப் பின்னால் ஒரு அடி. நான் கிரேனில் செய்தது அதைத்தான். நண்பர்கள் கீழே நின்று கேமராவோடு கத்துவார்கள், கத்தட்டும். யாரையும் தள்ளிவிடச் சொல்லிக் கேட்காதீர்கள், தள்ளினால் உடம்பு கோணலாகப் போகும்.

விழும்போது

தூரத்து மலையைப் பார்த்துச் சாயுங்கள். மூச்சைப் பிடிக்காதீர்கள், வாய்விட்டுக் கத்துங்கள். மூச்சை அடக்கி முக்கினால் கண்ணில், தலையில் அழுத்தம் ஏறும், கத்தினால் அது வெளியே போய்விடும். நான் "முருகா" என்று கத்தியது வீடியோவில் கேட்கிறது, ரத்தினகிரி முருகன் கேட்டிருப்பார். கயிறு பிடிக்க ஆரம்பிக்கும்போது சுண்டி இழுக்கும் என்று பயந்தேன், அப்படி இல்லை, யாரோ காலைப் பிடித்து மெல்ல மெல்ல இறுக்குகிற மாதிரிதான் இருக்கும். அப்போது தலையைத் தூக்கி மேலே பார்க்காதீர்கள், கழுத்து முதுகோடு நேராக இருக்கட்டும். கயிறைக் கையால் பிடிக்கவே பிடிக்காதீர்கள், தொய்வில் விரல் சிக்கி முறிந்துவிடும். மேலே எழும்பும் உச்சியில் ஒரு கணம் எடையே இல்லாத மாதிரி இருக்கும், கயிறு தொய்ந்து முகத்துக்குப் பக்கத்தில் வரும், அப்போது கைகளை மார்போடு வைத்துக்கொண்டால் போதும். இரண்டு மூன்று எகிறலுக்குப் பிறகு ஆட்டம் அடங்கும்.

கயிறு அறுவது மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 31 அன்று விக்டோரியா அருவிப் பாலத்தில், 111 மீட்டர் உயரம், ஒரு ஆஸ்திரேலியப் பெண்ணுக்குக் கயிறு அறுந்து கால் கட்டோடு ஜாம்பேசி ஆற்றில் விழுந்தாள், நீந்தி உயிர் பிழைத்தாள். தண்ணீர் மேலே குதிக்கிற இடத்தில் மீட்புப் படகோ நீச்சல் ஆளோ கீழே தயாராக இருக்கிறார்களா என்று குதிப்பதற்கு முன்னால் எட்டிப் பாருங்கள், நீச்சல் தெரியாதவர்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு

கீழே நீளமான கழியை நீட்டுவார்கள், அதைப் பிடித்துக்கொண்டால் இழுத்து மெத்தையில் படுக்க வைத்துக் கட்டை அவிழ்ப்பார்கள். உடனே எழுந்து நிற்காதீர்கள், தலை சுற்றும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு எழுந்திருங்கள். மோகன்சட்டியில் ஆற்றங்கரையிலிருந்து மேலே மேடை வரை நடந்து ஏற வேண்டும், அதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கும் மறுநாளும் தொடை, தோள், கழுத்துச் சதை வலிக்கும், வெந்நீர் ஒத்தடத்தில் போய்விடும். கண் வெள்ளையில் சிவப்புத் திட்டு வந்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானே மறையும், ஆனாலும் காட்டிவிடுங்கள். கண் முன்னால் புதுசாகக் கரும்புள்ளிகள் மிதப்பது, மின்னல் மாதிரி வெளிச்சம், பார்வையின் ஒரு ஓரம் திரை போட்ட மாதிரி மறைவது, இதில் எது வந்தாலும் ஊர் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் ஏறாதீர்கள், அங்கேயே கண் டாக்டரிடம் போங்கள். கை கால் மரத்துப்போவது, ஒரு பக்கம் பலவீனம், கழுத்தின் ஒரு பக்கம் விடாத வலியோடு தலைவலி, பேச்சுக் குழறல், சிறுநீர் போவதில் மாற்றம் என்றால் நேராக அவசரப் பிரிவு. "நேத்து பஞ்சி ஜம்ப் பண்ணேன்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று அதை மறைத்துவிட்டு வெறும் கழுத்து வலி என்று சொன்னால், எந்த ஸ்கேன் எடுப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்.

முதல் குதி முடிந்த சூட்டிலேயே இன்னொன்று போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அன்றைக்கே வேண்டாம், தூங்கி எழுந்து மறுநாள் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், வலி இல்லை என்றால் அப்போது யோசிக்கலாம். போகும்போது எடையை மறுபடி புதுசாகப் பார்க்கச் சொல்லுங்கள், முந்தின நாள் கையில் எழுதிய எண்ணைக் காட்டாதீர்கள்.